பெரிய போட்டோ பிரிண்டர் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

காரைக்குடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அவசர வேலை என்றால் அது பெரும்பாலும் துக்க வீட்டு வேலைதான். ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஒருவர் வந்து நிற்பார். கையில் பழைய பேங்க் பாஸ்புக். "அம்மா தவறிட்டாங்க தம்பி. காலையில பத்து மணிக்கு எடுக்கிறோம். இதுல ஒட்டியிருக்கிற போட்டோ மட்டும்தான் இருக்கு. பெருசா ஒண்ணு போட்டுத் தர முடியுமா?" என்பார். படத்தை ஸ்கேன் செய்து, முகத்தின் மேல் விழுந்த முத்திரையை எடுத்து, புடவைக்கு நிறம் கொடுத்துப் பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம். பிரிண்ட் போட அந்த நேரத்தில் எந்த லேபும் திறந்திருக்காது. அப்படி ஒருவரை வெறுங்கையோடு அனுப்பிவைத்த ராத்திரிதான், சொந்தமாக ஒரு பெரிய பிரிண்டர் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முடிவு சரி, வாங்கிய விதம் தப்பு. யாரையும் விசாரிக்காமல் பழைய 24 அங்குல மிஷின் ஒன்றை 1,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஏழாவது மாதம், மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் அடைத்து நின்றுபோனது. பிறகு ஒரு வருஷம் பொறுத்து, கணக்குப் போட்டு, 17 அங்குல மிஷின் வாங்கினேன். அது இன்றுவரை நன்றாக ஓடுகிறது. நடுவில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தான் எடுத்த படத்தை வீட்டிலேயே போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான், எண்ணிக்கைதான் மாறும்.

1. முப்பது நாள் நோட்டுப் போடுங்கள்

மாடல் பெயர்களைத் தேடுவதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், நீங்கள் வெளியே கொடுத்துப் போடும் ஒவ்வொரு பிரிண்டையும் எழுதுங்கள். சைஸ், எத்தனை காப்பி, லேப் வாங்கிய பணம், கூரியர் செலவு, எத்தனை மணி நேரத்தில் தேவைப்பட்டது என்று ஐந்து பத்தி போதும். கடைசிப் பத்திதான் முக்கியம்.

என் நோட்டில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கல்யாண ஆல்பம், அதாவது 12×36 விரிப்பில் வரும் கரிஸ்மா ஆல்பம், லேபிலேயே போடுவதுதான் லாபம். அவர்களிடம் பிரிண்ட், லேமினேஷன், பைண்டிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது, விலையும் நம்மால் தொட முடியாத விலை. ஆல்பத்தை மனதில் வைத்து இன்க்ஜெட் மிஷின் வாங்காதீர்கள். ஆனால் 12×18, 16×20 சைஸில் ஃபிரேம் போடும் படங்கள் மாதத்துக்கு நாற்பதுக்கு மேல் இருந்தன. அதில் பாதி மறுநாளுக்குள் வேண்டியவை. சொந்த மிஷின் சோறு போடுவது அந்தப் பாதியில்தான்.

வாரத்துக்கு நாலு பிரிண்ட்கூட வராது என்று நோட்டு சொன்னால் இப்போதைக்கு வாங்காதீர்கள். இன்க்ஜெட் மிஷின் கறவை மாடு மாதிரி. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். சும்மா நிற்கும் மிஷினும் ஹெட்டைச் சுத்தம் செய்துகொள்ள மை குடித்துக்கொண்டே இருக்கும்.

2. அகலத்தை முடிவு செய்யுங்கள்

இந்த மிஷின்கள் காகித அகலத்தை வைத்தே பிரிகின்றன: 13, 17, 24, 44 அங்குலம்.

13 அங்குலம் என்பது ஏ3 பிளஸ், 13×19 வரை. 12×18 தாராளமாக வரும். வீட்டில் போடுபவர்களுக்கும் புதிதாகத் தொடங்கும் ஸ்டுடியோவுக்கும் இதுவே போதும். 17 அங்குலத்தில் 16×20, ஏ2 வரும். 20×24 வேண்டுமென்றால் 24 அங்குல மிஷினுக்குப் போக வேண்டும். 44 அங்குலம் கண்காட்சிக்கும் கேன்வாஸ் தொழிலுக்கும் ஆனது, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

17-க்கும் 24-க்கும் நடுவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "கொஞ்சம் கூடப் போட்டால் பெரிசே வந்துவிடுமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 24 அங்குல மிஷின் பல மாடல்களில் ஸ்டாண்டோடு 80 கிலோவுக்கு மேல் இருக்கும். அகலம் மாடலைப் பொறுத்து மூன்றரை அடியிலிருந்து நாலரை அடி. முன்னால் பிரிண்ட் விழ இடம், பின்னால் ரோல் மாற்ற ஆள் நிற்க இடம் என்று பார்த்தால் ஒரு சின்ன அறை முழுக்கப் போய்விடும். மாடியில் கடை வைத்திருப்பவர்கள் முதலில் படிக்கட்டுத் திருப்பத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். என் முதல் மிஷினை மேலே ஏற்ற நாலு ஆள் கூலியும், ஜன்னல் கம்பியைக் கழற்றி மாட்டிய வெல்டிங் கூலியும் தனியாக ஆனது.

உங்கள் படம் எந்த சைஸ் வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமரா 6000×4000 பிக்சல் தருகிறது. அதை 12×18-ல் போட்டால் அங்குலத்துக்கு 333 பிக்சல், கண்ணருகில் வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. 24×36-ல் போட்டால் 166. சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க அதுவும் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி வரும், 12×18-க்குப் போட்டால் 90-ஐக்கூடத் தொடாது. வாடிக்கையாளரிடம் "டாக்குமெண்டாக அனுப்புங்க" என்று சொல்லப் பழகுங்கள். இந்த ஒரு வாக்கியம் பல முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

3. டை மையா, பிக்மெண்ட் மையா?

டை மை காகிதப் பூச்சுக்குள் ஊறிவிடும். கிளாஸி காகிதத்தில் பளிச்சென்று வரும், விலையும் மலிவு. வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும், ஈரம் பட்டால் ஓடும். பிக்மெண்ட் மையில் நிறம் நுண்ணிய துகளாகக் காகிதத்தின் மேல் உட்காருகிறது. நீண்ட நாள் நிறம் மாறாது, மேட் காகிதத்திலும் பருத்திக் காகிதத்திலும் கருப்பு ஆழமாக வரும்.

துக்க வீட்டுப் படத்துக்கு நான் டை மையைத் தொடமாட்டேன். அந்தப் படத்தில் சந்தனம் வைப்பார்கள், ஈர மாலை போடுவார்கள், பக்கத்திலேயே விளக்கு எரியும். பத்து வருஷம் கழித்துப் பேரப்பிள்ளை பார்க்கும்போதும் முகம் இருக்க வேண்டும். பிறந்தநாள் படம், பள்ளி குரூப் போட்டோ, அடையாள அட்டை மாதிரி வேலைக்கு டை மையே தாராளம்.

டை மையில் நம் ஊர் ஸ்டுடியோக்களில் அதிகம் பார்ப்பது எப்சனின் ஆறு நிற இன்க் டேங்க் மிஷின்கள். முன்பு எல்1800, இப்போது எல்18050, இரண்டும் ஏ3 பிளஸ். கேனானில் புரோ-200 எட்டு நிறம், 13 அங்குலம். பிக்மெண்டில் 13 அங்குலத்துக்கு எப்சன் பி700, கேனான் புரோ-300. 17 அங்குலத்துக்கு எப்சன் பி900, கேனான் புரோ-1000, அதன் அடுத்த பதிப்பான புரோ-1100. என்னிடம் இருப்பது புரோ-1000. அதில் ரோல் போட முடியாது, தனித்தாள் மட்டும்தான். நீளமான பனோரமா வேலை இருப்பவர்கள் ரோல் வசதியுள்ள பி900 பக்கம் பாருங்கள். அதற்கு ரோல் யூனிட் தனியாக வாங்க வேண்டும், விலை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

4. மை கணக்கை வாங்கும் முன்பே போடுங்கள்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். பிரிண்டர் விஷயத்தில் சுமைகூலி என்பது மை. மலிவாகத் தெரியும் மிஷினில் கார்ட்ரிட்ஜ் குட்டியாக இருக்கும். புரோ-300-ல் ஒரு கார்ட்ரிட்ஜ் 14.4 மில்லி, பி700-ல் 25 மில்லி, பி900-ல் 50 மில்லி, புரோ-1000-ல் 80 மில்லி. எல்18050-க்கு வரும் பாட்டில் 70 மில்லி.

கணக்கு இப்படி. கார்ட்ரிட்ஜ் விலையை மில்லியால் வகுங்கள். என் மிஷினில், கேனான் தரும் அக்கவுண்டிங் மேனேஜர் பதிவையும் ஹெட் சுத்தம் செய்யப் போகும் மையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சதுர அடிக்கு ஒன்றரை மில்லியை ஒட்டி வருகிறது. 12×18 என்பது சரியாக ஒன்றரை சதுர அடி, ஆக 2.25 மில்லி.

எடுத்துக்காட்டுக்கு 14.4 மில்லி கார்ட்ரிட்ஜ் 1,200 ரூபாய் என்று வையுங்கள். மில்லி 83 ரூபாய், ஒரு 12×18-க்கு மை மட்டும் சுமார் 187 ரூபாய். 80 மில்லி 5,000 ரூபாய் என்றால் மில்லி 62.50, அதே படம் 140 ரூபாய். 70 மில்லி பாட்டில் 840 ரூபாய் என்றால் மில்லி 12, படத்துக்கு 27 ரூபாய். இவை கணக்கைக் காட்ட நான் வைத்த விலைகள். உங்கள் கொட்டேஷனில் இருக்கும் விலையைப் போட்டு நீங்களே செய்துபாருங்கள். அதோடு காகித விலையும், வீணாகும் தாளுக்காக பத்தில் ஒரு பங்கும் சேர்க்க வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு மூன்று. மிஷினோடு வரும் முதல் செட் மையில் நல்ல பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும், அதனால் இரண்டாவது செட்டுக்கான பணத்தை முதல் நாளே எடுத்துவைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ் என்றால் அது சின்னத் தொகை கிடையாது. இரண்டாவது, கழிவு மை சேரும் மெயின்டெனன்ஸ் டேங்க். அதை நாமே மாற்றலாமா, சர்வீஸ் ஆள்தான் வர வேண்டுமா என்று கேளுங்கள். மூன்றாவது, காலாவதி. கார்ட்ரிட்ஜில் தேதி போட்டிருக்கும், பிரித்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கி அடுக்காதீர்கள்.

5. கடையில் ஏமாறும் இடங்கள்

நாலு நிறப் பிளாட்டர். "24 அங்குலம், புது மிஷின், பாதி விலை" என்று காட்டுவார்கள். அது கட்டட வரைபடம் போடும் மிஷினாக இருக்கும். போட்டோ போட்டால் வரத்தான் செய்யும், ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். லைட் சயான், லைட் மெஜந்தா, சாம்பல் இவையெல்லாம் இருந்தால்தான் தோல் வழுவழுப்பாகவும் கருப்பு வெள்ளைப் படம் பச்சையடிக்காமலும் வரும். எத்தனை நிறம், எந்தெந்த நிறம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த மிஷின். விலை குறையும், ஆனால் இங்கே வாரண்டி செல்லாது. கார்ட்ரிட்ஜின் மாடல் எண்ணும் நாட்டுக்கு நாடு மாறுவதுண்டு, நம் ஊரில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜை அந்த மிஷின் ஏற்காமல் போகலாம்.

பழைய மிஷின். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. நான் விழுந்தது இங்கேதான். விற்றவர் "நாசில் எல்லாம் பெர்ஃபெக்ட் சார்" என்று ஒரு நாசில் செக் தாளைக் காட்டினார், அதாவது ஹெட்டில் மை வரும் துளைகள் எல்லாம் திறந்திருக்கிறதா என்று கோடு கோடாகப் போட்டுப் பார்க்கும் சோதனைத் தாள். கோடுகள் எல்லாம் முழுதாக இருந்தன. அந்தத் தாள் என்றைக்குப் போட்டது என்று நான் கேட்கவே இல்லை. மிஷின் என் கடைக்கு வந்து முதல் நாசில் செக் போட்டபோது மஞ்சள் கட்டத்தில் படிக்கட்டு மாதிரி இறங்க வேண்டிய கோடுகளில் நடுவே எட்டு ஒன்பது காணவில்லை. கிளீனிங் போட்டேன், மூன்று வந்தன. மறுபடி போட்டேன், வந்ததில் இரண்டு போயின. ஒவ்வொரு கிளீனிங்குக்கும் மை குறைந்துகொண்டே வந்தது.

ஆகவே பழைய மிஷின் பார்க்கப் போனால் காலையில் முதல் ஆளாகப் போங்கள், ராத்திரி முழுக்க அணைத்து வைத்த மிஷினைப் போடச் சொல்லுங்கள். நாசில் செக் உங்கள் கண் முன்னால், நீங்கள் கொண்டுபோன தாளில் விழ வேண்டும். மெயின்டெனன்ஸ் டேங்க் அளவு, மொத்தம் போட்ட பிரிண்ட் எண்ணிக்கை இரண்டையும் மெனுவில் காட்டச் சொல்லுங்கள். அந்த மாடலுக்கு இன்னும் மை தயாராகிறதா என்று வேறு ஒரு கடையில் விசாரியுங்கள். எப்சன் பி600, பி800 போன்ற முந்தைய மாடல்களில் கிளாஸி கருப்பும் மேட் கருப்பும் ஒரே வழியைப் பகிர்கின்றன, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் ஒவ்வொரு தடவையும் மையும் நேரமும் செலவாகும். பி700, பி900-ல் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு கேள்வி எல்லோருக்கும்: சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து வருவார்? வந்துபோகும் செலவு யாருடையது? சின்ன ஊர்க்காரர்கள் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெட் வாரண்டியில் அடங்குமா என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். புரோ-1000-ல் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம், நான் அதைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். ஹெட் விலை குறைவில்லை, ஆனால் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

6. கொட்டேஷன், கடன், பில்

மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் இவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும்: முழு மாடல் பெயர், மிஷின் விலை, 18 சதவீத ஜிஎஸ்டி, வண்டிக் கூலி, இன்ஸ்டலேஷன், முழு செட் மை, ஒரு மெயின்டெனன்ஸ் டேங்க், வாரண்டிக் காலம். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதியதை வாங்காதீர்கள், ஒப்பிடவே முடியாது. செல்லுபடி தேதியையும் பாருங்கள். என் கொட்டேஷனுக்குப் பதினைந்து நாள்தான் ஆயுள். பேங்கில் கடன் பாஸாக மூன்று வாரம் ஆனது, அதற்குள் விலை ஏறிவிட்டது. மேனேஜரிடம் முதலில் பேசிவிட்டு, அவர் கேட்கும்போது புதுக் கொட்டேஷன் வாங்கிக் கொடுப்பதே நல்லது.

கடன் வேண்டுமென்றால் முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவு 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை. சொத்து ஈடு கேட்க மாட்டார்கள். நான் கொடுத்த காகிதங்கள்: ஆதார், பான், உத்யம் (சிறுதொழில்) பதிவுச் சான்று, கடை வாடகை ஒப்பந்தம், ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி தாக்கல், கொட்டேஷன். முப்பது நாள் நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். மேனேஜர் முதலில் புரட்டிப் பார்த்தது அதைத்தான். உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் நாமே செய்யலாம். அதற்கு ஆயிரம் ரெண்டாயிரம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். பேங்க் பணத்தைப் பெரும்பாலும் கடைக்காரர் கணக்குக்கே அனுப்பும், நம் பங்குத் தொகையைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பில்லில் மிஷினின் சீரியல் எண்ணும், உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் கட்டாயம் வேண்டும். வரியைத் திரும்ப எடுக்க நினைப்பவர்கள், விற்றவர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்து, ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கொள்முதல் பில்களைக் காட்டும் 2பி-யில் அந்தப் பில் வந்துவிட்டதா என்று அடுத்த மாதம் பாருங்கள். வரவில்லை என்றால் உடனே போன் செய்யுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, 18 சதவீதத்தையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பெங்களூரு மாதிரி வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் இ-வே பில், அதாவது சரக்கு வண்டிக்கான ஆன்லைன் சீட்டு வேண்டும். அதைப் போடுவது யார் என்று முன்பே பேசிவிடுங்கள்.

7. அறையைத் தயார் செய்யுங்கள்

மிஷின் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி அந்த அறையில் வையுங்கள். சில நூறு ரூபாய்தான். 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. சித்திரை வெயிலில் அதற்குக் கீழே போகும், ஹெட் காயும். ஐப்பசி அடைமழையில் மேலே ஏறும், காகிதம் ஓரம் தூக்கி வளையும். வளைந்த தாள் உள்ளே போனால் ஹெட் அதில் உரசும், படத்தில் கருப்புக் கீறலாக விழும். தாளைப் பிரித்தபடி மேஜையில் விடாமல் உறையில் போட்டு மட்டமாக வையுங்கள்.

ஜன்னலோரம் வேண்டாம், சீலிங் ஃபேனுக்கு நேர் கீழேயும் வேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இந்த மிஷின்கள் குடிக்கும் கரண்ட் குறைவு, 17 அங்குலம் வரைக்கும் கம்ப்யூட்டருக்கு வைக்கும் சாதாரண யுபிஎஸ் போதும். ஆனால் யுபிஎஸ் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். பிரிண்ட் நடுவில் கரண்ட் போனால் ஹெட் தன் மூடிக்குப் போகாமல் வழியிலேயே திறந்தபடி நின்றுவிடும். ஒரு ராத்திரி அப்படி நின்றாலே அடைப்புக்கு வழி.

8. மிஷின் வந்து இறங்கும் நாள்

புரோ-1000 தனியாகவே 32 கிலோ, இரண்டு ஆள் வேண்டும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். சீரியல் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்ட பிறகுதான் டெலிவரி தாளில் கையெழுத்து. உள்ளே ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற டேப்புகளை ஒன்று விடாமல் எடுங்கள்.

முதல் தடவை மை ஏற அரை மணி நேரம்கூட ஆகலாம், நடுவில் அணைக்கக் கூடாது. முடிந்ததும் நாசில் செக் போட்டு, அந்தத் தாளில் தேதி எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள். வாரண்டியை அன்றைக்கே பதிவு செய்யுங்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் ஒரு வருஷம் பரணில் வைத்திருங்கள், சர்வீஸுக்கு அனுப்ப வேண்டி வந்தால் அதில்தான் அனுப்ப வேண்டும்.

9. ஸ்கிரீனில் இருப்பது தாளில் வர

புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரம் சொல்வது ஒன்றுதான்: "பிரிண்ட் இருட்டா வருது." மிஷினில் குறை இருக்காது, ஸ்கிரீன் வெளிச்சம் கூடுதலாக இருக்கும். லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்து முகத்தைச் சரிசெய்தால் தாளில் அது கறுத்துத்தான் வரும். ஸ்பைடர், காலிபிரைட் போன்ற அளவுகோல் கருவி ஒன்றால் மானிட்டரை அளந்து, வெளிச்சத்தை 80-லிருந்து 120 கேண்டலாவுக்குள் வையுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்காதீர்கள். இந்தக் கருவிக்கான பணத்தை மிஷின் பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் போடுபவர்கள் நண்பரிடம் ஒரு நாள் வாங்கி அளந்தாலும் சரி.

ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஐசிசி புரொஃபைல் உண்டு, அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல் அது. காகிதக் கம்பெனியின் தளத்தில் உங்கள் மிஷின் மாடலுக்கானதை இலவசமாக எடுக்கலாம். அதை போட்டோஷாப்பில் தேர்ந்தெடுத்து, நிறத்தை போட்டோஷாப்பே பார்த்துக்கொள்ளும்படி வையுங்கள். பிரிண்டர் டிரைவரில் கலர் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஓடினால் முகம் செக்கச்செவேல் என்று வரும். இதில் நான் இருபது தாளுக்கு மேல் வீணாக்கியிருக்கிறேன்.

சோதனைக்கு இணையத்தில் கிடைக்கும் படத்தோடு, நம் ஊர்ப் படம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் மாநிறத்தில் ஒரு பாட்டி, அரக்குப் பட்டு, நெற்றியில் குங்குமம், பின்னால் வெள்ளை வேட்டி கட்டிய தாத்தா, ஓரத்தில் வாழை இலை. குங்குமமும் அரக்கும் ஒன்றாகக் கலந்துவிடாமல் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வேட்டியின் மடிப்பு மறையக் கூடாது. பாட்டியின் கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்க நிழல் பச்சையாகத் திரும்பக் கூடாது. புதுக் காகிதம் எது வாங்கினாலும் முதல் தாள் இதுதான். பார்ப்பது டியூப்லைட்டின் கீழ் மட்டும் போதாது, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள்.

பருத்திக் காகிதம் போடுபவர்கள் தாளை உள்ளே விடுமுன் மெல்லிய பிரஷால் ஒரு தடவை தடவிவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியின் மீது மை விழுந்து, பிறகு தூசி உதிர்ந்தால் அந்த இடம் வெள்ளைப் பொட்டாக நிற்கும். கறுப்புக் கூந்தலில் அது பளிச்சென்று தெரியும்.

கண்ணாடி ஃபிரேம் போடும் படத்தை 24 மணி நேரம் காயவிட வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளிருந்து ஆவி வரும், சீக்கிரம் மூடினால் கண்ணாடியின் உட்பக்கம் மூட்டம் படியும். காலையில் எடுக்கிறோம் என்று வருபவரிடம் இதைச் சொல்ல முடியாது. அதனால் அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் ஃபிரேமில் வைத்துக் கொடுத்துவிடுவேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் கொண்டுவரச் சொல்லிக் கண்ணாடி போட்டுத் தருவேன். அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை.

10. வாராவாரம் செய்ய வேண்டியது

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் நாசில் செக். எல்லாக் கோடும் இருந்தால் அதோடு விடுங்கள், தேவையில்லாமல் கிளீனிங் போடாதீர்கள். அந்த வாரம் வேலையே இல்லையென்றால் எல்லா நிறமும் இருக்கும் ஒரு சின்னப் படத்தைச் சாதாரணத் தாளில் போடுங்கள். அணைப்பது எப்போதும் மிஷினின் பட்டனில்தான். சுவிட்ச் போர்டில் அணைத்தால் ஹெட் மூடியில் சரியாக உட்காராது.

விலை குறைந்த வேறு கம்பெனி மையை டை மிஷினில் ஊற்றுபவர்கள் உண்டு. வாரண்டி போகும், புரொஃபைலும் பொருந்தாது. டை மிஷினில் பிக்மெண்ட் மையை மட்டும் தப்பித்தவறியும் ஊற்றிவிடாதீர்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் முதல் மிஷின் கடைசியாக நின்றது, தங்கை கல்யாணத்துக்காக மூன்று வாரம் கடையைப் பூட்டியபோது. போகும் அவசரத்தில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து போட்டால் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த மஞ்சளோடு லைட் மெஜந்தாவும் சேர்ந்து அடைத்திருந்தது. இப்போதெல்லாம் பத்து நாளுக்கு மேல் போவதாக இருந்தால் மிஷினை மெயினில் அணைப்பதில்லை, ஒரு ஈரத் துணியைக் கிண்ணத்தில் வைத்து அறையில் விட்டுவிடுகிறேன், பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் சாவி கொடுத்து வாரம் ஒரு தடவை சோதனைப் படத்தைப் போடச் சொல்கிறேன். எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி மிஷின் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.